வலது தோளில் மூன்று அடுக்குப் பஞ்சு

ஓவியக் கூடத்துக்குப் போகிறவர்களில் இரண்டு வகை உண்டு. படத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அட்டையை முதலில் படித்துவிட்டு, அதில் சொன்னதெல்லாம் படத்தில் இருக்கிறதா என்று சரிபார்த்துக்கொண்டு நகர்கிறவர்கள் ஒரு வகை. படத்துக்கு முதுகைக் காட்டி நின்று தங்களைத் தாங்களே செல்போனில் எடுத்துக்கொண்டு நகர்கிறவர்கள் இன்னொரு வகை. மாஸ்டர் இரண்டிலும் சேர்த்தி இல்லை. குதிரைமேல் உட்கார்ந்து வாளை ஓங்கியிருக்கும் ஒரு தளபதியின் ஆளுயரப் படத்துக்கு முன்னால் கால்மணி நேரம் நின்றுவிட்டு அவர் சொன்னது இவ்வளவுதான்: “கக்கத்துல பிடிக்குது. கையை இதுக்கு மேல தூக்கினா கிழியும்.”

அந்தத் தளபதி போரில் தோற்றவர் என்று அட்டையில் இருந்தது. ஏன் தோற்றார் என்பதற்கு வரலாற்று ஆசிரியர்கள் என்னென்னவோ காரணம் சொல்கிறார்கள். யாரும் கக்கத்தைச் சொல்லவில்லை.

மாஸ்டர் ஒரு தையல்காரர். பெயர்ப்பலகையில் ‘எல்லா வகை ஆல்ட்டரேஷனும்’ என்று போட்டிருக்கும். ரெடிமேட் துணியைக் கடைக் கண்ணாடியில் பார்த்து ஆசையாக வாங்கி, வீட்டுக் கண்ணாடியில் பார்த்து ஏமாந்தவர்களைத் தேற்றி அனுப்புவது அவர் தொழில். இடுப்பைப் பிடிப்பார், இடுப்பை விடுவார், காலைக் குறைப்பார். கோட்டு மட்டும் புதிதாகத் தைத்துக் கொடுப்பார். அதில்தான் அவருக்குக் கொஞ்சம் கர்வம். எட்டுக்குப் பத்து அடிக் கடை. இரண்டு மெஷின், ஒரு வெட்டு மேஜை, ஓரத்தில் கறை ஏறிய ஒரு நிலைக்கண்ணாடி. முன்னால் ஒரு ஸ்டூலில் அவர் மனைவி. மாஸ்டர் டேப்பைப் பிடித்து எண்ணைச் சொல்ல, மாஸ்டரம்மா அளவு நோட்டில் எழுதிக்கொள்வார். முப்பது வருடமாக ஒருவர் சொல்ல ஒருவர் கேட்கும் ஒரே இடம் அதுதான் என்று மாஸ்டரம்மாவின் தம்பி சொல்வார். அவர் பக்கத்திலேயே செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். வேலை இல்லாத நேரத்தில் அக்காள் கடைக்கு வந்து மாஸ்டரை ரிப்பேர் செய்வார்.

இப்படி ஒரு மனிதர் எதற்காக மியூசியம் மியூசியமாக அலைய வேண்டும்? அதற்கு ஒரு ஜிப்தான் காரணம்.

ஆறு வருடங்களுக்கு முன்னால் ஒரு சுற்றுலாப் பயணி முதுகுப்பையோடு கடைக்குள் வந்தார். ஜிப் வாய் பிளந்து கிடந்தது. ரன்னர் மாற்றிக் கொடுக்க இருபது நிமிடம் ஆகும் என்றார் மாஸ்டர். அந்த இருபது நிமிடத்தில் பயணி பேச்சுக் கொடுத்தார். இந்த ஊரில் அவசியம் பார்க்க வேண்டியது என்ன என்று கேட்டார். மாஸ்டர் யோசித்தார். பிறந்து வளர்ந்து, கல்யாணம் செய்து, கடை போட்ட ஊர். வாயில் ஒன்றும் வரவில்லை. கடைசியில், “பஸ் ஸ்டாண்டு” என்றார்.

சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னது. அந்த மனிதர் அதைக் குறித்துக்கொண்டு போய்விட்டார். மாலையில் திரும்பி வந்தார். பஸ் ஸ்டாண்டின் நாற்பது படங்களைச் செல்போனில் காட்டினார். கழிவறைச் சுவரைக்கூட விடவில்லை. மிகவும் நன்றி, நீங்கள் சொல்லாவிட்டால் இதைத் தவறவிட்டிருப்பேன் என்று மாஸ்டரின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். அவர் கிண்டல் செய்தாரா, நிஜமாகத்தான் சொன்னாரா என்பது இன்றுவரை தெரியாது. மாஸ்டருக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை, அதாவது கடைக்கு வார விடுமுறை நாள், மாஸ்டர் தொப்பி, கேன்வாஸ் ஷூ, தண்ணீர் பாட்டில், முதுகுப்பை சகிதம் வாசலில் நின்றார். “ஊரைச் சுத்திப் பார்க்கப் போறேன், வர்றியா?” என்று மனைவியைக் கேட்டார். எந்த ஊரை என்று அவர் கேட்டார். இந்த ஊரைத்தான் என்றார் மாஸ்டர். வெயில் தலைக்கேறிவிட்டதோ என்ற கவலையில்தான் மாஸ்டரம்மா முதல் முறை கூடப் போனார். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது.

உள்ளூரிலேயே வெளியூர்க்காரனாக இருப்பதில் மாஸ்டர் ஒரு ஒழுங்கு வைத்திருந்தார். தெரிந்த தெருவிலும் வழி கேட்பார். ஒரு தடவை தன் கடை இருக்கும் தெருவுக்கே வழி கேட்டு, “அங்க ஒண்ணுமே இல்ல சார், ஒரு டெய்லர் கடைதான்” என்ற பதிலை வாங்கிக்கொண்டு, அதற்கும் நன்றி சொல்லிவிட்டு வந்தார்.

ஊரில் மொத்தம் பதினோரு அருங்காட்சியகங்கள் என்று அவர் கண்டுபிடித்தார். சொன்னால் ஊரில் யாரும் நம்பவில்லை. தபால்துறைக்கு ஒன்று இருந்தது. அதில் தொலைந்துபோன கடிதங்களுக்கு ஒரு தனி அறை. மருத்துவக் கல்லூரியில் எலும்புகளுக்கு ஒரு கூடம். பெரிய பணக்காரர் ஒருவர் செத்த பிறகு அவர் குளித்த தொட்டியைச் சுற்றிக் கயிறு கட்டி ஒரு வீட்டையே காட்சிக்கு வைத்திருந்தார்கள். பழைய நீரேற்று நிலையத்தில் ஒரு அருங்காட்சியகம்; மாஸ்டர் போனபோது அந்த மாதத்தின் முதல் பார்வையாளர் அவர்தான் என்று அங்கிருந்த ஊழியருக்குக் கண் கலங்கிவிட்டது. உணர்ச்சி வேகத்தில் பம்பை ஓட்டியே காட்டிவிட்டார். மூவரும் நனைந்தார்கள்.

மாஸ்டரம்மாவின் ரசனை வேறு. அவர் அருங்காட்சியகங்களைப் பெஞ்சுகளை வைத்து மதிப்பிட்டார். சாய்மானம் உண்டா, மின்விசிறி மேலே வருகிறதா, கழிவறை எத்தனை அடி தள்ளி என்பதுதான் அவர் பார்வை. எலும்புக் கூடத்துக்கு முதலிடம் கொடுத்தார். குளிர் நன்றாக இருக்கிறதாம், கூட்டமும் சத்தம் போடுவதில்லையாம்.

மாஸ்டர் பார்க்கிற விதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்ற பதற்றம் அவரிடம் கிடையாது. ஒரு நாளைக்கு ஒரு அறை. அந்த அறையில் ஏதாவது ஒன்று அவரைப் பிடித்து நிறுத்தும், அங்கேயே நின்றுவிடுவார். அட்டையைக் கடைசியில்தான் படிப்பார். மற்றவர்கள் ஒரு மணி நேரத்தில் மூன்று மாடியையும் முடித்து, அப்பாடா என்று வெளியே வரும்போது, இவர் ஒரு நாற்காலியின் மெத்தையில் ஆணி எங்கே அடித்திருக்கிறான் என்று குனிந்து தேடிக்கொண்டிருப்பார். கூடவே காவலர்களிடம் பேசுவார். நகரப் பெரிய அருங்காட்சியகத்தின் இரண்டாம் மாடிக் காவலர், ஒரு நாளில் எட்டு மணி நேரம் நின்று, கழிவறை எங்கே என்ற ஒரே கேள்விக்கு நூறு முறை பதில் சொல்கிறவர். அவரிடம் போய் மாஸ்டர், இங்கே இருப்பதில் உங்களுக்கு எது பிடிக்கும் என்று கேட்டார். பதினேழு வருட சர்வீஸில் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. காவலர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, தூணுக்குப் பின்னால் மாட்டியிருந்த ஒரு சின்னப் படத்திடம் கூட்டிப்போனார். ஒரு பெண் வாளியில் கை கழுவுகிற படம். மூன்று மணிக்கு ஜன்னல் வெளிச்சம் அதன்மேல் விழும், அப்போது வாங்க என்றார். மூன்று மணிக்கு இரண்டு பேரும் நின்று பார்த்தார்கள். தண்ணீர் அசைந்ததாக இரண்டு பேருமே சொல்கிறார்கள்.

வம்பு அதே இரண்டாம் மாடியில்தான் வந்தது.

அங்கே ஒரு கோட்டு இருக்கிறது. ஊருக்கு முதன்முதலில் குழாய்த் தண்ணீர் கொண்டுவந்த மேயர் நூற்றைம்பது வருடங்களுக்கு முன்னால் போட்டுக்கொண்டிருந்த கருநீலக் கம்பளிக் கோட்டு. உள்ளே பட்டு லைனிங், முன்னால் எட்டுப் பித்தளைப் பட்டன். பல வருடமாகக் கண்ணாடிப் பெட்டிக்குள் மடங்கிக் கிடந்தது. சென்ற வருடம் கூடத்தைப் புதுப்பித்தபோது அதை ஒரு பொம்மைக்குப் போட்டு நிறுத்தி, சுற்றிலும் கயிறு கட்டினார்கள். எதிர்ச்சுவரில் மேயரின் படம். அதே கோட்டு, அதே எட்டுப் பட்டன். தூண் மாதிரி நேராக நிற்கிறார் மனிதர்.

கோட்டு நிற்பதை மாஸ்டர் அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் அவருக்கு உறுத்தியது. வலது தோள் மேலே ஏறியிருந்தது. ‘எனக்கென்ன தெரியும்’ என்று ஒருவர் ஒற்றைத் தோளைத் தூக்குவாரே, அந்த மாதிரி. மேயர் என்றால் அப்படித்தானே இருக்கும் என்று நாம் போய்விடுவோம். மாஸ்டரால் முடியவில்லை. வலது பக்கக் கீழ் ஓரம் இடதைவிட ஒரு விரல்கடை உயர்ந்திருந்தது. முதுகில் ஒரு சுருக்கம் குறுக்கே ஓடியது. அவர் முடிவு கட்டிவிட்டார்: கூடத்தைப் புதுப்பித்தவர்கள் கோட்டையும் புதுப்பித்திருக்கிறார்கள். வலது தோளில் பஞ்சைக் கூடுதலாகத் திணித்துத் தைத்துவிட்டார்கள். நல்ல தொழில்காரன் தைத்ததை எவனோ கெடுத்து வைத்திருக்கிறான்.

காவலரிடம் சொன்னார். பார்வையாளர் குறிப்பேட்டில் எழுதுங்கள், மேலே படிப்பார்கள் என்றார் காவலர். அந்தக் குறிப்பேட்டில் மற்றவர்கள் எழுதுவது ‘அருமை’, ‘ஏசி நன்று’, அம்பு பாய்ந்த ஒரு இதயம், இவ்வளவுதான். மாஸ்டர் ஒரு முழுப் பக்கம் எழுதினார். தோளுக்குப் படம் போட்டு, எங்கே பிரித்து எதை எடுக்க வேண்டும் என்று அம்புக்குறி போட்டுக் காட்டினார். அடுத்த செவ்வாய் போனார். கோட்டு அப்படியே இருந்தது. இன்னொரு பக்கம் எழுதினார். நான்கு செவ்வாய், நான்கு பக்கம். மூன்றாவது பக்கத்துக்குக் கீழே யாரோ ஒரு பார்வையாளர் ‘ஓவியம் நன்றாக உள்ளது, முயற்சி செய்யவும்’ என்று ஊக்கம் கொடுத்திருந்தார்.

ஐந்தாவது செவ்வாய்க்கிழமை மாஸ்டர் ஒரு காரியம் செய்தார். இதை அவர் செய்திருக்கக் கூடாது. காவலர் யாருக்கோ கழிவறைக்கு வழி காட்டிக்கொண்டிருந்த அந்த ஒரு நிமிடத்தில், கயிற்றைத் தாண்டிக் காலை வைத்து, கோட்டின் வலது கக்கத்துக்குள் இரண்டு விரலை விட்டார். கண்ணை மூடிக்கொண்டார். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்று அடுக்குப் பஞ்சு. இடது பக்கம் விட்டார். ஒன்று. அப்போதுதான் மணி அடித்தது.

அருங்காட்சியகத்து அபாய மணி எப்படி அடிக்கும் என்று அதுவரை அங்கே வேலை செய்கிறவர்களுக்கே தெரியாது. பெஞ்சில் கண்ணயர்ந்திருந்த மாஸ்டரம்மா, மூடுகிற நேரம் வந்துவிட்டது என்று நினைத்து, பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கத் தொடங்கிவிட்டார். மாஸ்டர் இரண்டு கையையும் தூக்கி நின்றார். நடந்ததை அறிக்கையாக எழுத வேண்டியவர் இரண்டாம் மாடிக் காவலர்தான். “என்ன மாஸ்டர், என்கிட்ட சொல்லியிருக்கலாமே” என்று மட்டும் கேட்டார்.

மூன்றாம் நாள் கடிதம் வந்தது. காட்சிப் பொருளைத் தொட்ட குற்றத்துக்காக, திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்கு விசாரணைக்கு வர வேண்டும். குற்றம் உறுதியானால் நகரத்தின் பதினோரு அருங்காட்சியகங்களிலும் நுழையத் தடை. எத்தனை காலத்துக்கு என்பதைக் காப்பாட்சியர் முடிவு செய்வார், ஆயுளுக்கும் இருக்கலாம்.

மாஸ்டருக்கு அபராதம் பற்றிக் கவலை இல்லை, போலீஸ் பற்றிக் கவலை இல்லை. செவ்வாய்க்கிழமையை என்ன செய்வது என்பதுதான் அவரை அரித்தது. வாரத்தில் ஆறு நாள் அடுத்தவர் இடுப்பை அளப்பவருக்கு, தனக்கென்று இருந்தது அந்த ஒரு நாள். கடிதத்தை மெஷினுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நாலு தையலுக்கு ஒரு தடவை படித்தார். அன்று ஒரு பேண்ட்டை இரண்டு அங்குலம் கூடுதலாகக் குறைத்துவிட்டார். அவர் வாழ்க்கையில் அது முதல் முறை.

மைத்துனர் விடுவாரா? “மச்சான், சினிமாவுக்குப் போய் சீட்டைக் கிழிச்சவனைக் கேள்விப்பட்டிருக்கேன். மியூசியத்துக்குப் போய் செத்தவருக்கு அளவு எடுத்தவர் நீங்க ஒருத்தர்தான். அவர் எப்ப டெலிவரி எடுக்க வர்றாராம்?”

மாஸ்டர் மெஷினை மிதித்துக்கொண்டே இருந்தார். அவருக்கு ஒரே ஒரு நம்பிக்கை இருந்தது. தான் சொன்னது சரி என்று நிரூபித்துவிட்டால், கோட்டைக் கெடுத்தவர்கள் யார் என்ற கேள்வி வரும்; தொட்டவன் யார் என்பது அமுங்கிப் போகும். பழுப்புக் காகிதத்தை மேஜைமேல் விரித்து, விரலால் உணர்ந்ததை ஞாபகத்திலிருந்து வரைந்தார். வலது தோள், இடது தோள், பஞ்சு அடுக்குகள், ஓரத்து உயர வித்தியாசம். காப்பாட்சியர் பார்த்தவுடனே ஒப்புக்கொள்ள வேண்டும், அவ்வளவு தெளிவாக.

சனிக்கிழமை மத்தியானம். மாஸ்டரம்மா சாப்பாட்டுத் தூக்கோடு வந்து, அதை வைக்க மேஜையில் இடம் தேடியபோது காகிதத்தைப் பார்த்தார்.

“இது யாருது? என்கிட்ட சொல்லவே இல்ல. என்னைக்கு டெலிவரி?”

“எது?”

“இதாங்க, வலது மூணு, இடது ஒண்ணு. நோட்டுல ஏத்தினீங்களா? பொட்டு வெச்சீங்களா?”

அந்தப் பொட்டை விளக்கியாக வேண்டும். மாஸ்டர் கணக்குப்படி பத்துப் பேரில் ஆறு பேருக்காவது இரண்டு தோளும் சமமாக இருக்காது. சிலருக்கு அரைக்கால் அங்குலம், சிலருக்கு ஒரு அங்குலம். அளவு எடுக்கும்போது இது டேப்பில் தெரிந்துவிடும். மாஸ்டர் வாயால் சொல்ல மாட்டார். லேசாக ஒரு இருமல். மாஸ்டரம்மா நோட்டின் ஓரத்தில் ஒரு சின்னப் புள்ளி வைப்பார். வலது தோள் இறக்கம் என்றால் எண்ணுக்கு வலது பக்கம், இடது என்றால் இடது பக்கம். யாராவது கேட்டால், பேனாவில் மை வருகிறதா என்று பார்த்தேன் என்பார். இறங்கிய தோளுக்குள் மாஸ்டர் கூடுதலாகப் பஞ்சு வைத்துத் தைப்பார். கோட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நிற்கிறவர் நேராகத் தெரிவார். தான் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டு போவார். சிலர் தினமும் உடற்பயிற்சி செய்கிற பலன் என்று மாஸ்டரிடமே பெருமை அடித்துக்கொள்வார்கள். மாஸ்டர் ஆமாம் போடுவார். கட்டிக்கொண்டவர்களுக்கே தெரியாத விஷயம் அந்த நோட்டில் நூற்றுக்கணக்கில் இருக்கிறது. முப்பது வருடத்தில் ஒன்றுகூட வெளியே போனதில்லை. மைத்துனருக்கும் ஒரு பொட்டு உண்டு. அவருக்கே தெரியாது.

மாஸ்டர் காகிதத்தைப் பார்த்தார். ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

கோட்டை யாரும் கெடுக்கவில்லை. மேயருக்கு வலது தோள் இறக்கம். சின்ன இறக்கமும் இல்லை. மூன்று அடுக்குக்கு ஒரு அங்குலத்துக்கு மேலேயே இருக்கும். நூற்றைம்பது வருடங்களுக்கு முன்னால் ஒரு தையல்காரர் அதைப் பார்த்து, வாயைத் திறக்காமல் பஞ்சை வைத்திருக்கிறார். அந்த உடம்புக்குள் அது நேராக நின்றது. அருங்காட்சியகத்துப் பொம்மைக்கு இரண்டு தோளும் சமம். அதனால்தான் பஞ்சு வைத்த பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. எதிர்ச்சுவர் படத்தில் ஓவியர் ஏமாற்றவில்லை. அவர் கண்டது நேரான ஆளைத்தான். ஊரே கண்டது நேரான ஆளைத்தான்.

விரலில் தட்டுப்பட்ட தையலும் இப்போதுதான் மாஸ்டருக்கு ஞாபகம் வந்தது. அரிசி மணியைவிடச் சின்னச் சின்னத் தையல், ஒன்றுக்கொன்று தலைமுடி அளவுகூட வித்தியாசம் இல்லாமல். அதைத் தொட்டும் அவருக்குத் தோன்றவில்லை. பக்கத்துத் தெரு ஆள் என்றால் பார்த்த கணமே இருமியிருப்பார். மேயர் என்று அட்டையில் போட்டிருந்ததால், உடம்பைச் சந்தேகிக்காமல் தையல்காரனைச் சந்தேகித்துவிட்டார். ஒரு தையல்காரர் செய்யக்கூடிய தப்புகளில் இதைவிடப் பெரியது கிடையாது.

“எப்பேர்ப்பட்ட கை,” என்றார். சாப்பாடு ஆறியது.

இந்த ரகசியத்தை நான் மட்டும் எழுதலாமா என்று கேட்பீர்கள். கோட்டின் நிறத்தை மாற்றியிருக்கிறேன். தோளையும் மாற்றியிருக்கிறேன், அல்லது மாற்றவில்லை. போட்டவர் மேயர்தான் என்பதற்கும் நான் பொறுப்பல்ல. தேடிப் போகிறவர்கள் கால் வலியோடு திரும்புவார்கள்.

மாஸ்டரம்மாவுக்கு ஒரே சந்தோஷம். இதையே திங்கட்கிழமை போய்ச் சொல்லுங்கள், இத்தனை படித்தவர்களுக்குத் தெரியாததைக் கண்டுபிடித்திருக்கிறீர்கள், தடையாவது ஒன்றாவது, கூப்பிட்டு மாலை போடுவார்கள் என்றார். மாஸ்டர் மாட்டேன் என்று தலையை ஆட்டினார்.

“சொன்னா அட்டையில எழுதிடுவாங்க.”

“எழுதட்டுமே. செத்து நூத்தம்பது வருஷம் ஆச்சு. இனிமே அவருக்கு என்ன வெட்கம்?”

“அவருக்கு இல்ல. தைச்சவர் காப்பாத்தினது அது.”

“அவரும்தான் போய்ச் சேர்ந்துட்டாரு.”

“நாம இருக்கோமே,” என்றார் மாஸ்டர்.

இதற்கு என்ன அர்த்தம் என்று மாஸ்டரம்மா திங்கட்கிழமை வரை திட்டிக்கொண்டே இருந்தார். உயிரோடு இருக்கிற புருஷனின் ஒரே ஒரு ஆசையை, செத்துப்போன ஒருவரின் தோளுக்காக விட்டுக்கொடுப்பதா என்பது அவர் வாதம். வாதத்தில் குறை சொல்ல முடியாது.

திங்கட்கிழமை காப்பாட்சியர் அறையில் வேறு ஒரு சிக்கல் காத்திருந்தது.

காப்பாட்சியர் நாற்பது வயதுப் பெண்மணி. மேஜைமேல் மாஸ்டரின் நான்கு பக்கங்களும் நகல் எடுத்து வைக்கப்பட்டிருந்தன. பக்கத்தில் பாதுகாப்பு அதிகாரி, அறிக்கையோடு. மாஸ்டரம்மாவையும் உட்காரச் சொன்னார்கள். காப்பாட்சியர் கோபமாக இல்லை. குறிப்பேட்டைத் தான் தாமதமாகத்தான் படித்ததாகவும், அதற்கு மன்னிக்க வேண்டும் என்றும் சொன்னார். படித்த பிறகு போய்ப் பார்த்தாராம். மாஸ்டர் சொன்னது போலவே தோள் தூக்கியிருக்கிறதாம். எப்போதோ ஒரு பழுதுபார்ப்பில் தவறு நடந்திருக்கலாம் என்று அவரும் நினைக்கிறாராம். புதன்கிழமை வலது தோளைப் பிரித்து, கூடுதல் பஞ்சை எடுத்துவிட ஏற்பாடு செய்திருக்கிறார்களாம். அக்கறையோடு சுட்டிக்காட்டிய நிபுணர் என்று எழுதினால், தொட்ட விஷயத்தை ஒரு எச்சரிக்கையோடு முடித்துவிடலாம்.

பாதுகாப்பு அதிகாரிக்கு இதில் சம்மதம் இல்லை என்பது அவர் மூக்கிலேயே தெரிந்தது. மாஸ்டரம்மா முகம் மலர்ந்துவிட்டது. தலையாட்டினால் போதும். நாளைக்குச் செவ்வாய்க்கிழமை.

மாஸ்டர் எழுந்து நின்றார்.

“மேடம், நான் எழுதினது தப்பு. அந்தக் கோட்டு சரியாத்தான் இருக்கு. தயவுசெஞ்சு பிரிக்காதீங்க.”

காப்பாட்சியர் கண்ணாடியைக் கழற்றினார். நான்கு வாரம் நான்கு பக்கம் எழுதியது தப்பா என்று கேட்டார். ஆமாம் என்றார் மாஸ்டர். அப்படியானால் தோள் ஏன் தூக்கியிருக்கிறது என்று கேட்டார். மாஸ்டர் பேசவில்லை. இப்போது தெரிந்த காரணம் என்ன என்று கேட்டார். அதற்கும் பேசவில்லை. காரணம் சொல்லாவிட்டால், அறிக்கையில் எஞ்சுவது தவறான சந்தேகத்தில் காட்சிப் பொருளைத் தொட்ட ஒரு ஆள் மட்டும்தான், விதிப்படிதான் போக வேண்டியிருக்கும் என்று அவர் விளக்கினார். பொறுமையாகத்தான் விளக்கினார்.

“அளவு தெரிஞ்ச ஆள் தைச்சது மேடம். அதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க. அது தைச்சவருக்கும் போட்டவருக்கும் உள்ள விஷயம்.”

காப்பாட்சியர் மாஸ்டரை நெடுநேரம் பார்த்தார். ஜன்னல் பக்கம் பார்த்தார். அவருக்கு என்ன புரிந்தது, எவ்வளவு புரிந்தது என்று சொல்வதற்கில்லை. கோட்டை யாரும் தொடக் கூடாது, புதன்கிழமை வேலை ரத்து என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். இன்னொரு தாளில், மாஸ்டருக்கு ஒரு வருடம் தடை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மாஸ்டர் தன் வருடாந்திர அனுமதி அட்டையை எடுத்து, சட்டை ஓரத்தில் துடைத்து, மேஜைமேல் வைத்தார். நல்ல அட்டை அது. ஓரம் மடங்காமல் வைத்திருந்தார். வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

மாஸ்டரம்மாவும் கூடவே படியிறங்கினார். கீழே வந்ததும், “தடை உங்களுக்குத்தானே? எனக்கு இல்லையே?” என்று கேட்டார்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை மாஸ்டரம்மா தனியாக உள்ளே போனார். மாஸ்டர் எதிரே பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தார். ஒரு மணி நேரம் கழித்து வந்தவரிடம், என்ன பார்த்தே என்று ஆவலாகக் கேட்டார். நல்லா இருந்தது, உட்கார இடம் கிடைத்தது என்றார் மாஸ்டரம்மா. மாஸ்டருக்கு அழுகையே வந்துவிடும் போல இருந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தானோ என்னவோ, அடுத்த வாரத்திலிருந்து அந்தம்மாள் பெஞ்சைத் தாண்டிப் போகத் தொடங்கினார். மாஸ்டர் பார்ப்பது போலப் பார்க்க அவருக்குத் தெரியாது. தனக்குத் தெரிந்த மாதிரி பார்த்தார். பணக்காரரின் வீட்டில், சமையலறைக்கும் சாப்பாட்டு மேஜைக்கும் நடுவில் நாற்பத்திரண்டு தப்படி, எந்தச் சூடும் தாங்காது, அந்த மனிதர் வாழ்நாளெல்லாம் ஆறின சோற்றைத்தான் சாப்பிட்டிருக்கிறார் என்று வந்து சொன்னார். எலும்புக் கூடத்தில் ஒரு கை எலும்பு முறிந்து கோணலாகக் கூடியிருக்கிறது, கட்டுப் போட்டவனை உதைக்க வேண்டும் என்றார். மாஸ்டர் ஆறு வருடம் பார்த்தும் அதைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு வாரமும் சொல்ல வேண்டியது நீண்டுகொண்டே போனது. இரண்டு பஸ், மூன்று பஸ் என்று விட ஆரம்பித்தார்கள்.

பன்னிரண்டாவது வாரம் மாஸ்டரம்மா வெளியே வந்தபோது கொஞ்சம் படபடப்பாக இருந்தார். உட்கார்ந்து தண்ணீர் குடித்தார்.

அன்று இரண்டாம் மாடிக்குப் போயிருக்கிறார். கோட்டுக்கு முன்னால் ஒரு கணவனும் மனைவியும், வெளியூர்க்காரர்கள். அந்த மனிதர் விவரமானவர் போல. ஒரு தோள் தூக்கியிருப்பதைச் சரியாகப் பிடித்துவிட்டார். இதைப் பார், கோணல் மாணலாகத் தைத்திருக்கிறான், அந்தக் காலத்து டெய்லருக்குத் தொழிலே தெரியவில்லை என்று மனைவியிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார். அந்த அம்மாளும் உற்றுப் பார்த்துவிட்டு, ஒருவேளை போட்டவருக்கே தோள் கோணலோ என்று கேட்டிருக்கிறார்.

மாஸ்டர் பெஞ்சின் நுனிக்கு வந்துவிட்டார். “நீ பேசாம வந்துட்டியா?”

“எப்படிங்க வர்றது? குறுக்க போய் நின்னேன். அந்தக் காலத்துல மேயர் கோட்டுன்னாலே வலது தோளைத் தூக்கித்தான் தைப்பாங்க, அது பதவிக்கு அடையாளம்னு சொன்னேன்.”

“நம்பினாங்களா?”

“நம்பாம? இடது தோள் யாருக்குத் தூக்குவாங்கன்னு கேட்டாரு. துணை மேயருக்குன்னு சொன்னேன்.”

மாஸ்டர் சிரித்தார். தடை விழுந்த பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். அவர்களுடைய பஸ் வந்து நின்றது. கண்டக்டர் கையைக் காட்டி ஏறுகிறீர்களா என்று கேட்டார். மாஸ்டர் போகச் சொல்லிச் சைகை செய்துவிட்டு, மனைவியின் பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

“சரி, அதுக்கப்புறம் எந்தப் பக்கம் போனே? ஒண்ணு விடாம சொல்லு.”